முப்பது நாள் நாவலும் பின்னறைச் சாவியும்

நூலகத்து அறிவிப்புப் பலகைக்கு முன்னால் எழுத்தர் முக்கால் மணி நேரம் நின்றார். வாசலைப் பெருக்க வந்தவள் அவரைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனாள். பலகையில் ஒரே ஒரு தாள்தான் புதிது. "ஒரே மாதத்தில் உங்கள் முதல் நாவல்: புதியவர்களுக்கு ஒன்பது யோசனைகள்" என்று தலைப்பு. நாளுக்கு ஆறு பக்கம் வீதம் முப்பது நாளில் எழுதி முடிப்பவர்களின் நாவலை நூலகமே பைண்டு செய்து, முதுகில் பெயர் பொறித்து, அலமாரியில் வைக்குமாம். எழுத்தர் ஒன்பது யோசனைகளையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். முடித்ததும் பழக்க தோஷத்தில் கீழே 'உண்மை நகல்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அவர் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு எழுத்தர். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எழுதுகிறவர்களுக்கு இருபத்தாறு வருஷமாக, "தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது" என்று பதில் எழுதி வருகிறார். கையெழுத்து மட்டும் அதிகாரியுடையது. அத்தனை ஆயிரம் கடிதங்களும் அவர் எழுதியவை, ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை. இது அவர் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. எழுத்தருக்கும் எழுத்தாளருக்கும் நடுவில் ஓர் 'ஆள்'தான் வித்தியாசம், அந்த ஆள் நான்தான் என்று காட்டிவிடுகிறேன் என்று முனகிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் சொன்ன முதல் வாக்கியம் நாவலைப் பற்றியதல்ல. "காலைக் கொஞ்சம் உள்ள இழுத்துக்கோ" என்பதுதான்.

காரணம் இருந்தது. அவர் மனைவி தையல்காரி. அந்தத் தெருவின் பள்ளிச் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை எல்லாம் அவள் கைவேலை. தையல் மெஷினோ கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவிலிருந்த குறுகிய நடையில் போட்டிருந்தது. யார் எங்கே போனாலும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவள் மெஷினை நிறுத்தி, மிதியிலிருந்து காலை எடுத்து, முழங்காலை மடக்கி உள்ளே இழுத்துக்கொள்வாள். பதினோரு வருஷமாக இதே கதைதான்.

பின்பக்கம் ஓர் அறை இருக்கத்தான் இருந்தது. ஆனால் அதில் குடியிருந்தவை தட்டுமுட்டுச் சாமான்கள். எந்தக் கோப்பையும் மூடலாம், அழிக்கக் கூடாது என்று அலுவலகத்தில் கற்ற பாடத்தை எழுத்தர் வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார். றெக்கை இல்லாத மின்விசிறி, சக்கரம் இல்லாத சைக்கிள், பிடி இல்லாத வாளி, எல்லாம் உள்ளே இருந்தன. அறையைப் பூட்டிச் சாவியைத் தன் கொத்தில் கோத்துக்கொண்டார். மெஷினை அங்கே மாற்றிக்கொள்கிறேன் என்று மனைவி கேட்கும்போதெல்லாம் அவர் சொன்ன பதில் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. பரிசீலனையில் இருந்தது.

அன்று சாயங்காலம் அவர் நடையில் நின்று, ஒன்பது யோசனைகளையும் மனைவிக்கு உரக்கப் படித்தார். அவள் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"முதல் யோசனையே இதுதான். எழுதுறவனுக்குத் தனி அறை வேணும். அதனால பின்னறை இனிமே எனக்கு."

"தைக்கிறவளுக்குத் தனி அறை வேணும்னு பலகையில எதுவும் ஒட்டலையா?"

"விளையாடாதே. இது இலக்கியம்."

"சரிங்க. எழுதி முடிக்கலைன்னா?"

"முடிச்சே தீருவேன்."

"முடிக்கலைன்னா?" என்று அவள் மறுபடியும் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. வாயிலிருந்த குண்டூசியைக்கூட எடுக்கவில்லை.

எழுத்தருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த நேரம் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி, எலக்ட்ரீஷியன், சாட்சியாக இழுக்கப்பட்டான். எழுத்தரே ஓர் ஒப்பந்தம் எழுதினார். முப்பதாம் நாள் மாலை ஆறு மணிக்குள் நாவலுக்கு 'முற்றும்' போட்டால் அறை ஆசிரியருக்கு, போடாவிட்டால் அறை அன்னாரது மனைவிக்கு, அதுவரை சாவி ஆசிரியர் வசம், சந்தேகம் எழுந்தால் சாட்சியின் முடிவே இறுதி. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மைத்துனன் அக்காளைப் பார்த்தான். அவள் காலரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது யோசனை, செய்யப்போவதை ஊரறியச் சொல், வெட்கத்துக்குப் பயந்தாவது எழுதுவாய் என்றது. எழுத்தர் அலுவலகத்தில் அதிகாரி முதல் வாசல் காவலாளி வரை ஒருவர் விடாமல் சொல்லிவிட்டார். தண்ணீர் வரவில்லை என்று புகார் கொடுக்க வந்த ஒருவரிடம்கூடச் சொன்னார். அவர் புகாரை மறந்துவிட்டு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். இனி பின்வாங்கினால் அந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது.

மூன்றாவது யோசனைதான் எல்லாவற்றுக்கும் ஆணிவேர். முடியும்வரை எழுதியதைத் திரும்பிப் பார்க்காதே, திருத்த உட்கார்ந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவாய், ஆகவே அன்றன்றைய பக்கங்களை நம்பகமான ஒருவரிடம் ஒப்படைத்துவிடு, மறுநாள் கடைசி வரியை மட்டும் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள் என்றது. எழுத்தர் தேடிப் பார்த்தார். மனைவியை விட நம்பகமானவர் யாரும் தென்படவில்லை. அவள் தன் பொத்தான் டப்பாவைக் காலி செய்து, ஒரு சின்னப் பூட்டுப் போட்டு, பக்கங்களை அதில் வைப்பதாக ஒப்புக்கொண்டாள்.

முதல் நாள் காலை ஐந்து மணிக்குக் கூடத்து மேஜையில் எழுத்தர் எழுத உட்கார்ந்தார். பின்னறையில் அல்ல, அதைக் காலி செய்ய நேரமில்லை, நாவல் எழுத வேண்டுமே. கதாநாயகன் ஒரு கப்பல் தலைவன். நடுக்கடலில் புயல். எழுத்தர் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார்: "புயலானது மேற்படி கப்பலைத் தாக்கிய விவரம் கப்பல் தலைவரின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அவர் உரிய நடவடிக்கை எடுப்பதாகத் தெரிவித்தார்." இப்படி நான்கு நாள் புயல் அடித்தது. நான்கு நாளும் கப்பல் தலைவன் உரிய நடவடிக்கை எடுத்துக்கொண்டே இருந்தான். கப்பல் ஓர் அங்குலம் நகரவில்லை.

ஐந்தாம் நாள் காலை எழுத்தரின் முகம் வாடிக் கிடந்தது. கடலை அவர் பார்த்ததே இல்லை. ஆறாவது யோசனை, அனுபவிக்காததை எழுதாதே என்று கண்டிப்பாகச் சொன்னது. எழுதவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மனைவி மெஷினுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கணக்குத்தான் வந்தது. இவர் இப்போதே தோற்றால் அறை நமக்குத்தான். ஆனால் என்ன அறை? மின்விசிறி, சைக்கிள், வாளி, பதினோரு வருஷத் தூசு, திறக்காத ஜன்னல், உதிர்கிற சுவர். அதையெல்லாம் யார் சுத்தம் செய்வது? நாம்தான். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஒரு முடிவுக்கு வந்தால் அவள் அப்படித்தான் செய்வாள்.

"கடைசி வரி என்ன?" என்று எழுத்தர் செத்த குரலில் கேட்டார்.

அவள் டப்பாவைத் திறந்து, மேலே இருந்த தாளை எடுத்து, கண்ணைச் சுருக்கிப் படித்தாள். "'இவ்வாறாக அவன் கரை சேர்ந்து, தன் வீட்டுக்கு வந்து, நெடுங்காலம் பூட்டிக் கிடந்த மேற்படி அறையைத் திறந்தான்.'"

எழுத்தர் தலையைத் தூக்கினார். "கரை சேந்துட்டானா? நானா எழுதினேன்?"

"உங்க கையெழுத்துதான். சந்தேகமா இருந்தா நீங்களே பாருங்க." அவள் தாளை நீட்டினாள்.

எழுத்தர் பதறிப்போய் இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டார். "காட்டாதே. விதி இருக்கு."

தவிர, ஏழாவது யோசனையும் இருந்தது. எழுதியது உங்களுக்கே நினைவில்லை என்றால் நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்று பொருள், கை ஓடும்போது தலை குறுக்கே வரக் கூடாது என்று அது சொன்னது. காலையில் எழுதிய கடிதத்தை மாலையில் மறந்துபோவதில் இருபத்தாறு வருஷப் பயிற்சி உள்ளவர் எழுத்தர். கோப்பில் இருப்பதுதான் உண்மை, நம் ஞாபகம் உண்மையல்ல என்றே பழகியவர். ஆகவே அவர் சந்தேகப்படவில்லை, பெருமைப்பட்டார். தனக்குள் தன்னைவிடப் பெரிய ஓர் ஆள் உட்கார்ந்து எழுதுவதாக அலுவலகத்தில் சொல்லிக்கொண்டார்.

அறையைத் திறக்கும் காட்சியை எழுத வேண்டுமென்றால் அறையைத் திறந்து பார்க்க வேண்டும், அனுபவம் வேண்டுமே. பதினோரு வருஷத்துக்குப் பிறகு பின்னறையின் பூட்டு திறந்தது. மின்விசிறியைத் தூக்கியபோது கதாநாயகனுக்கு வந்த தும்மல் எழுத்தருக்கு வந்ததுதான். மறுநாள் கடைசி வரி, கதாநாயகன் எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரனிடம் ஒப்படைக்கத் தீர்மானித்தான் என்றது. எழுத்தர் அரை மணி நேரம் சைக்கிளின் ஹாண்டில்பாரைப் பிடித்தபடி நின்றார். அது அவருக்கு வேலை கிடைத்த புதிதில் வாங்கிய சைக்கிள். கதைக்காகக் கொடுத்தார். கொடுத்துவிட்டு வந்து ஆறு பக்கம் எழுதினார். பேனா நிற்கவே இல்லை.

அதன் பிறகு கதை சூடுபிடித்தது. கதாநாயகன் சுவரைச் சுரண்டிப் பூசினான். வெள்ளையடித்தான். துருப்பிடித்துப்போன ஜன்னலை எண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டித் திறந்தான். வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து உள்ளே விழுந்தது. எதைச் செய்தாலும் எழுத்தர் முதலில் தாமே செய்துபார்த்துவிட்டுத்தான் எழுதினார். காலை ஐந்திலிருந்து ஏழு வரை எழுத்து, அலுவலகம் விட்டு வந்ததும் அனுபவம். கை காய்த்துப்போயிற்று, தலையில் சுண்ணாம்பு. அலுவலகத்தில் கேட்டவர்களுக்கு, நாவல் என்றால் சும்மாவா, உடம்பைக் கொடுக்க வேண்டும் என்றார்.

பதினேழாம் நாள் கடைசி வரி மைத்துனனை வரவழைத்தது. கதாநாயகன் அறைக்கு மின்சாரம் இழுத்தான். விளக்கு உத்தரத்தில் அல்ல, கையெட்டும் உயரத்தில் தொங்கியது. பிளக் முழங்கால் உயரத்தில் இருந்தது. மைத்துனன் டெஸ்டரைக் காதில் செருகிக்கொண்டு சுவரைப் பார்த்தான்.

"மாமா, நாவல் எழுதுற ரூமுக்கு எதுக்கு இவ்வளவு கீழே பிளக்?"

"கதை கேக்குது மாப்பிள்ளை. நம்ம இஷ்டமா?"

மைத்துனன் நடையை எட்டிப் பார்த்தான். அக்காள் தலை நிமிராமல் நூலைக் கடித்து அறுத்தாள். அவனுக்கு அந்தக் கடி சின்ன வயசிலிருந்தே பழக்கம். மேற்கொண்டு வாயைத் திறக்காமல், கதை கேட்ட உயரத்தில் பிளக்கை வைத்துவிட்டுப் போனான்.

பிறகு கதாநாயகன் சுவரோரமாக இடுப்புயரத்தில் நீளமான ஒரு பலகை அடித்தான், துணியை விரித்து வெட்டத் தோதாக. துணி என்ற சொல் மட்டும் நாவலில் வரவில்லை. உலக வரைபடம் விரிப்பதற்கு என்று எழுத்தர் எழுதியிருந்தார்.

இருபதாம் நாள் ஓர் இடி விழப் பார்த்தது. எழுத்தர் பேனாவை மூடிவிட்டு யோசனையில் ஆழ்ந்தார். நேற்று கதாநாயகன் பலகையில் தலை வைத்துத் தூங்கிப்போனான் என்று எழுதியதாக அவருக்கு ஏதோ ஒரு ஞாபகம். ஆனால் இன்றைக்குக் கேட்ட கடைசி வரியில் அவன் கதவுக்குப் பெயின்ட் அடிக்கப் புறப்பட்டுவிட்டான்.

"ஒரே ஒரு தடவை பாத்துடறேன்" என்றார்.

மனைவி மெஷினை நிறுத்தினாள். டப்பாவைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒரு நொடி யோசித்தாள். பிறகு டப்பாவையும் சாவியையும் சேர்த்தே அவர் முன்னால் வைத்தாள். "தாராளமா பாருங்க. நாளைக்கு நூலகத்துல யாராவது கேட்டா, மூணாவது யோசனையை மட்டும் அவரால கடைப்பிடிக்க முடியலைன்னு சொல்லிக்கலாம்."

எழுத்தரின் கை டப்பாவின் மேல் இருந்தது. சாவியைத் தொட்டது. பூட்டு வரைக்கும் போயிற்று. அங்கே நின்றது. ஒரு நிமிஷம் அவர் தன்னோடு தானே மல்லுக்கட்டினார். பிறகு டப்பாவைத் தள்ளிவிட்டு எழுந்து, அலுவலகச் சட்டையை மாட்டிக்கொண்டு, "பெயின்ட் என்ன நிறம்னு எழுதியிருக்கேன்?" என்று கேட்டார்.

"நீலம்" என்றாள் மனைவி. குரல் கொஞ்சம் கம்மியது.

அவர் அலுவலகம் போன பிறகு அவள் மெஷினை மூடிவிட்டு டப்பாவைத் திறந்தாள். இத்தனை நாளும் மேலாகப் புரட்டியதோடு சரி. அன்றைக்குத்தான் உட்கார்ந்து படித்தாள். புயலில் அவளால் நாலு வரி தாண்ட முடியவில்லை. பின்னறை திறந்த பிறகு கதை அவளை உள்ளே இழுத்துக்கொண்டது. வாளியோடு அவன் போடும் சண்டையில் வாய்விட்டுச் சிரித்தாள். ஓரிடத்தில், காலியான அறையில் கதாநாயகன் தரையில் உட்கார்ந்து, தான் ஆயுசு பூராவும் எழுதியதெல்லாம் இன்னொருவன் கையெழுத்தில் போய்ச் சேர்ந்ததை நினைத்துப் பார்க்கிறான். அந்தப் பக்கத்தில் ஒரு மேற்படிகூட இல்லை. அதை இன்னொரு தடவை படித்தாள். இந்த மனுஷன் இந்த நாவலை முடித்தாக வேண்டும் என்று அவளுக்கு அழுத்தமாகத் தோன்றியது. அறை வேண்டாம் என்று தோன்றவில்லை. இரண்டும் வேண்டும் என்று தோன்றியது.

அன்று மாலை சீருடை வாங்க வந்த இரண்டு அம்மாக்களுக்கு அந்தப் பக்கங்களைப் படித்துக் காட்டினாள். அவர்கள் சட்டையை வாங்கிக்கொண்டும் போகாமல், அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

இருபத்தேழாம் நாள் கதாநாயகன் ஆளுயரக் கண்ணாடி ஒன்றைச் சுவரில் மாட்டினான், தன்னைத் தானே நேருக்கு நேர் சந்திப்பதற்காக. எழுத்தரும் மாட்டினார். மாட்டிவிட்டு முக்காலியிலிருந்து இறங்கும்போது அது சாய்ந்தது. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது மணிக்கட்டுதான் பிசகியது. வைத்தியர் கட்டுப் போட்டு, ஒரு வாரத்துக்குப் பேனாவைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுத்தர் இடது கையால் பேனாவைப் பிடித்து எழுதப் பார்த்தார். ஒரு மணி நேரத்தில் மூன்று வரி. அந்த மூன்றும் என்ன மொழி என்று அவருக்கே தெரியவில்லை. கண்ணில் நீர் முட்டியது, ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நாலாவது வரியைத் தொடங்கினார்.

மனைவிக்கு அன்று சும்மா இருந்தாலே போதும். இரண்டு நாள் தன்பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தால், சுத்தமாக வெள்ளையடித்த அறை தானாகக் கையில் வந்து விழும். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, அவர் கையிலிருந்து பேனாவை வாங்கினாள்.

"சொல்லுங்க. நான் எழுதறேன்."

"நான் ஜெயிச்சா உனக்கு அறை கிடையாதே."

"அதை நான் பாத்துக்கறேன். நீங்க கதையைச் சொல்லுங்க."

இரண்டு நாள் அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை. மேற்படிகளை மட்டும் விட்டுவிட்டாள்.

முப்பதாம் நாள் விடுமுறை. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் எழுத்தர் கூடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னும் ஆறு பக்கம், ஒரு முற்றும். கடைசி வரியைக் கேட்டார். அவள் டப்பாவைத் திறந்து படித்தாள்.

"'வேலையெல்லாம் முடிந்ததும் அவன் அறையைப் பூட்டி, சாவியை அவள் கையில் கொடுத்தான்.'"

"அவளா? எவ?"

"நடையில உக்காந்திருக்கிறவ. அவன் பொண்டாட்டி."

"அப்படி ஒருத்தி கதையில வர்றாளா?"

"பதினோரு வருஷமா அங்கேயேதாங்க இருக்கா" என்றாள் மனைவி. "நீங்கதான் திரும்பிப் பாக்க மாட்டீங்களே."

ஆறாவது யோசனை ஆறாவது யோசனைதான். எழுத்தர் எழுந்துபோய்ப் பின்னறையைப் பூட்டினார். கொத்திலிருந்து அந்தச் சாவியை மட்டும் பல்லால் நெம்பிக் கழற்றி எடுத்து, இடது கையால் மனைவியின் உள்ளங்கையில் வைத்தார். பிறகு உட்கார்ந்து, தனக்கு என்ன தோன்றியதோ அதை ஒளிக்காமல் சொல்ல ஆரம்பித்தார். சாவி இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை என்றார். அதை வாங்கிய கையின் விரல்நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளிகள் இருந்தன, பதினோரு வருஷத்தில் அந்தக் கையை அவன் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, அவனுக்கு வெட்கமாக இருந்தது என்றார். மனைவியின் பேனா ஓரிடத்தில் நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேலே சொல்லுங்க என்றாள்.

ஐந்து நாற்பதுக்கு அவரே பேனாவை வாங்கி, இடது கையால், கோணல் மாணலாக 'முற்றும்' என்று எழுதினார்.

ஆறு மணிக்கு மைத்துனன் வந்தான். டப்பாவிலிருந்த நூற்றெண்பது பக்கங்களை எண்ணினான். முற்றும் இருக்கிறதா என்று பார்த்தான். ஒப்பந்தத்தை எடுத்து இரண்டு தடவை படித்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, மாமா ஜெயித்துவிட்டார், அறை மாமாவுக்கே என்று தீர்ப்புச் சொன்னான். எழுத்தருக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளங்கையை மனைவி பக்கம் நீட்டினார்.

"சாவியைக் கொடு."

"எந்தச் சாவி?"

"அனுபவத்துக்காகக் கொடுத்தேனே, அந்தச் சாவி."

"கொடுத்ததா எழுதியிருக்கு" என்றாள் மனைவி. "திரும்ப வாங்கினதா எழுதலையே."

"அதுக்கென்ன, ஒரு வரி சேத்துட்டாப் போச்சு." எழுத்தர் பேனாவுக்குக் கையை நீட்டினார்.

அவள், குறிப்பேட்டிலிருந்து கிழித்து அவர் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள். அவருடைய கையெழுத்தில், உண்மை நகல் என்ற சான்றோடு, ஒன்பதாவது யோசனை அங்கே இருந்தது. முற்றும் போட்ட பிறகு ஒரு புள்ளிகூடச் சேர்க்காதே.

எழுத்தர் சாட்சியைப் பார்த்தார். சாட்சியின் முடிவே இறுதி என்று எழுதியவரும் அவர்தான். மைத்துனன் அக்காளைப் பார்த்தான், அவள் பல்லிடுக்கில் ஒரு நூல் இருந்தது. "ஒப்பந்தப்படி அறை உங்களுதுதான் மாமா. அதுல மாத்தமில்லை" என்றான். "சாவிதான் அக்காவுது."

குடிநீர் அலுவலகத்துக்காரருக்கே தண்ணி காட்டிவிட்டாள் என்று தெருவெல்லாம் பேச்சு. மறுநாளே மெஷின் பின்னறைக்குப் போயிற்று. இடது பக்கத்து வெளிச்சம் நேரே ஊசி முனையில் விழுந்தது, பிளக் இஸ்திரிப் பெட்டிக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது, கண்ணாடியில் பிள்ளைகள் சீருடையைப் போட்டு அழகு பார்த்தார்கள்.

நாவல் பைண்டாகி வந்தது. முதுகில் அவருடைய பெயர், முழுசாக. அதை அவர் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பிறகுதான் முதல் முறையாக உள்ளே படித்தார். நாலாம் நாள் முடிவில் கப்பல் இன்னும் புயலில் இருந்தது. அடுத்த பக்கத்தில் கதவு திறந்தது. கரை சேர்ந்தான் என்ற வரியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார், காணோம். நூலகரோ, கப்பலிலிருந்து ஒரே தாவலில் பின்னறைக்கு வந்த அந்த இடம் அபாரம் என்று கையைப் பிடித்துக் குலுக்கியிருந்தார். எழுத்தர் மனைவியிடம் போய், அந்த வரி எங்கே என்று கேட்டார்.

"பரிசீலனையில இருக்கு" என்றாள் அவள்.

அந்த வருஷம் நூலகத்தில் முப்பது நாளில் முடித்தவர் எழுத்தர் ஒருவர்தான். அதனால் அடுத்த முறை பலகையில் ஒட்டுவதற்குப் புதியவர்களுக்கான யோசனைகளை அவரே எழுதித் தர வேண்டும் என்று நூலகர் கேட்டுக்கொண்டார். எழுத்தருக்கு மார்பு விரிந்தது. கூடத்தில் உட்கார இடமில்லை, சீருடை வாங்க வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே மேஜையை எடுத்துக்கொண்டுபோய் மெஷின் இருந்த நடையில் போட்டு, நாற்காலியில் அமர்ந்து, புதுத் தாளின் தலையில் எண் ஒன்று போட்டார். எழுதுகிறவனுக்குத் தனி அறை வேண்டும் என்று எழுதத் தொடங்கினார்.

மனைவி தைத்த துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னறையிலிருந்து வந்து மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"காலைக் கொஞ்சம் உள்ள இழுத்துக்குங்க" என்றாள்.